டான்பி அண்ணையின் பெயர்

தன் பெயரை அவர் சொல்லமாட்டார். எழுத்தெழுத்தாகக் கையில் தருவார். மருந்துக் கடை, பல் வைத்தியர், பஸ் பாஸ் எடுக்கும் இடம், எங்கே போனாலும் எதிரில் இருப்பவர் பேனையைத் தொடும் முன்பே தொடங்கிவிடுவார். "டி. ஏ. என். பி. வை." ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் எழுதுபவரின் கை நிற்கும்வரை பொறுத்திருப்பார். பிறகு எட்டிப் பார்ப்பார். பிழையாக இருந்தால், பின்னால் வரிசை வாசல்வரை நீண்டாலும் அசையமாட்டார்.

நாங்கள் அவரை டான்பி அண்ணை என்று கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. அதை யாராவது பிழையாகச் சொன்னால் அவர் திருத்தியதும் இல்லை. குடும்பப் பெயரில் கை வைத்தால்தான் முகம் மாறும்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் நானும் அவரும் பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று பன்றித் தோளில் எலும்பு பிரித்தோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். உயரம், மெலிவு, கண்ணாடிக்குள்ளே அசையாத இரண்டு கண். வெள்ளை மேலங்கிக்கும் வலைத் தொப்பிக்கும் உள்ளே எல்லோரும் ஒரே மாதிரி இருப்போம் என்பதால் நெஞ்சில் பெயர்ப் பட்டி குத்தியிருக்கும். முதல் நாள் அவருக்கு வந்த பட்டியில் டானி என்று இருந்தது. கழற்றிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் டென்பி என்று வந்தது. அதையும் கொடுத்தார். நான்காவது நாள்தான் சரியாக வந்தது. அதைக் குத்திக்கொண்டு வந்தபோது எங்களோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"டான்பியா? இங்கே வந்த பிறகு வைத்துக்கொண்ட பெயரா? எங்களைச் சந்தோஷப்படுத்தவா?"

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "இந்தப் பெயர் உங்களிடமிருந்து போய் ஆயிரம் வருஷம். நான் அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அவன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை. அவர் பகிடி விட்டு நான் கேட்டதே இல்லை.

ஊரில் அவர் தபால் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். கடிதம் பிரிக்கிற வேலை. "ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் வேற ஆரின்ரையோ கையிலதான் போய்ச் சேரும் தம்பி. பிறகு அழுது வேலையில்லை" என்பார். அந்தக் குணம் அங்கேயே வந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், கறுப்புப் பாணைக் கடித்துக்கொண்டு, பெயர் வந்த வழியைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் பாட்டனார், வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். பேதி வந்து தாயும் தகப்பனும் ஒரே கிழமையில் போய்விட்டார்கள். அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் பையனைச் சேர்த்தார்கள். கடலுக்கு அப்பால் சப்பாத்து வியாபாரி ஒருவர் அவனுடைய சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பொறுப்பெடுத்தார். அதற்கு அவர் கேட்டது ஒன்றுதான். செத்துப்போன தன் மகனுடைய பெயரைப் பையனுக்கு வைக்க வேண்டும்.

"அப்ப உங்கட பேர் ஒரு செத்த பிள்ளையின்ர பேரோ?" என்று கேட்டேன்.

"ஓம். அந்தப் பிள்ளையின்ர சோத்தைத்தான் எங்கட ஆள் திண்டது. திண்டபடியால் பேரைக் காப்பாத்தவேணும். அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மிச்சப் பாணைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன்.

இதையெல்லாம் அவர் ஊரிலேயே அறிந்திருந்தார். அறியாத பாதி இங்கேதான் கிடைத்தது. தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்பு, வந்த முதல் வருஷம், நாங்கள் இருவரும் ஒரே மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு நாள் ஆசிரியை கரும்பலகையில் இரண்டே எழுத்தில் ஒரு சொல்லை எழுதினார். ஆங்கிலத்தில் பி, வை. டெனிஷ்காரர் உதட்டைக் குவித்து 'பியூ' என்பார்கள். ஊர் என்று அர்த்தம். அண்ணை எழுந்து நின்றார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரீச்சர், டான் என்றால்?"

"டான் என்றால் டெனிஷ்காரர். ஏன்?"

அவர் முன்னே போய், தன் பெயரைப் பலகையில் எழுதினார். ஆசிரியை அதை வாசித்தார். பிறகு எங்களுக்கு விளங்கும்படி மெல்லச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டவர்கள் இங்கிலாந்தின் வடக்கில் போய்க் குடியேறினார்கள். அங்கே பி, வை என்று முடிகிற ஊரெல்லாம் அவர்களால் வந்தவை. டான்பி என்றால் டெனிஷ்காரரின் ஊர். அப்படி ஓர் ஊர் இன்னும் அங்கே இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணைக்கு மூச்சு வாங்கியது. இங்கேயிருந்து இங்கிலாந்து, அங்கேயிருந்து அமெரிக்கா, அங்கேயிருந்து பாதிரிமாரின் கப்பலில் யாழ்ப்பாணம், இப்போது திரும்ப இங்கே. விரலை மடித்து மடித்து எண்ணினார். "சுத்திச் சுத்தி வந்திருக்கிறம் தம்பி. இதை இண்டைக்கே மனிசிக்கு எழுதவேணும்." அவரை நான் சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மனைவியும் நான்கு வயது மகளும் அப்போது மானிப்பாயில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் வந்திறங்கியபோது அகதி விசாரணை செய்த அதிகாரி பெயரைப் பார்த்துவிட்டு, "இதை விமானத்தில் வைத்தா தெரிவு செய்தீர்?" என்று கேட்டாராம். கறுத்த மனிதருக்கு டெனிஷ்காரரின் ஊர் பெயராக இருப்பது அந்த அதிகாரிக்கு ஒரு பொய்யாகப் பட்டிருக்கிறது. இதுதான் என் உண்மைப் பெயர் என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பெயர் பொய்யென்று தெரியவந்தால் திருப்பி அனுப்புவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதை அண்ணை மறக்கவே இல்லை.

விண்ணப்பம் போட்டுச் சில மாதம் கழிந்து குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், ஆனால் அங்கே எல்லாம் டெனிஷ். எனக்கு அது கொஞ்சம் கெதியாகப் பிடிபட்டிருந்தது. ஒரு மணித்தியால ரெயின் பயணம். வெளியே நல்ல மழை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கெட்டவள் அல்ல. நாற்பது வயதிருக்கும். எங்களுக்குக் கோப்பி தந்தாள். இரண்டு தாளை எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்றில் அவருடைய பெயர். மற்றது அவருடைய கலியாணப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. எங்கள் 'ட'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வரலாம், 'ப'வுக்கும் இரண்டு. கொழும்பில் மொழிபெயர்த்தவர் இரண்டு இடத்திலும் மற்ற எழுத்தைப் போட்டுவிட்டார், D-க்குப் பதில் T, B-க்குப் பதில் P. அதை வாசித்தால் தன்பி என்று வரும். அவசரத்தில் வாசித்தால் தம்பி. மகளின் பிறப்புப் பத்திரத்திலும் அதே பெயர்தான்.

"இந்தப் பெண்ணின் கணவர் தன்பி என்று ஒருவர்" என்றாள் அவள். "நீங்கள் டான்பி. இரண்டும் ஒரே ஆள் என்று நான் எப்படி மேலே எழுதுவது?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். தன் பெயர் தன்பிதான், இங்கே பதிந்தது எழுத்துப் பிழை என்று ஒரு படிவத்தில் அவர் கையெழுத்து வைத்தால் போதும். அவள் இங்கேயே திருத்துவாள். எல்லாத் தாளும் ஒன்றாகிவிடும். அடுத்த கிழமையே விண்ணப்பத்தை மேலே அனுப்பலாம். படிவத்தை எடுத்து வைத்து, பேனையையும் அதன்மேல் வைத்தாள்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணை படிவத்தைத் தொடவில்லை.

"தன்பி எண்டு ஒருத்தரும் இல்லை தம்பி. இல்லாத ஒருத்தனுக்கு நான் என்ர மனிசியை எப்பிடிக் குடுக்கிறது? நாளைக்கு, நீ ரெண்டு பேரில திரிஞ்சனி எண்டு சொல்லி எல்லாரையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவினம். ஊரில பத்திரத்தைத் திருத்துவிக்கிறன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து இன்னும் ஒரு வசனம் சொன்னாள். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், குடும்பம் வந்து சேர்ந்த பிறகு, அது இங்கே கஷ்டமில்லை, யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள்.

எனக்கு அது விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. அண்ணை அதற்குள் எழுந்து குடையை எடுத்துவிட்டார். எங்கள் ரெயினுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. ஒரு பெயருக்காக இப்படி அடம்பிடிக்கிற மனிதரோடு இன்னும் ஒரு தரம் கதைக்க எனக்கு அலுப்பாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அந்த வசனத்தை நான் தமிழில் சொல்லவில்லை. "நன்றி" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவருடைய மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் மூன்று தரம் போனார். ஒரு நாள் கந்தோர் பூட்டு. ஒரு நாள் ஊரடங்கு. ஒரு நாள் அதிகாரி கொழும்பில். மனைவி எழுதிய கடிதங்களை அண்ணை எனக்கு வாசித்துக் காட்டினார். 'அங்கே எழுத்து விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள், நான் பக்கத்தில் நின்றே எழுதுவிக்கிறேன்' என்று ஒன்றில் இருந்தது. ஏழு மாதம் போனது. ஐப்பசியில் சண்டை ஊருக்குள் வந்தது. ஒரு நாள் காலை, பிள்ளையைக் குளிக்கவார்க்கக் கிணற்றடிக்குக் கூட்டிப்போன நேரம் ஷெல் விழுந்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே.

அண்ணையின் மைத்துனர் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னார். செய்தி வந்து பதினொரு நாள் கழித்து, சண்டை தொடங்குமுன் மனைவி ஒருவழியாக எடுத்து அனுப்பியிருந்த தபால் வந்தது. திருத்திய பத்திரங்கள், புது மொழிபெயர்ப்பு, முத்திரை எல்லாம் சரியாக. நான் அப்போது அவருடைய அறையில் இருந்தேன். அவர் உறையைப் பிளந்து, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு ஐந்து எழுத்தையும் பார்த்தார்.

"சரியா எழுதியிருக்கினம்" என்றார்.

அன்று கையெழுத்து வைத்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பிழையில்லாத விண்ணப்பங்களும் மேசைகளில் மாதக்கணக்காகக் கிடந்தன. ஆனால் எங்களோடு மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேருக்கு அந்தக் கோடையிலேயே குடும்பம் வந்து சேர்ந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் பெயரை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் மருந்துக் கடையில் அவருக்குப் பின்னால் நின்றேன். "டி. ஏ. என். பி. வை." முன்பைவிட மெதுவாக, முன்பைவிட அழுத்தமாக. இப்போது அவரால் அதை விடவே முடியாது என்று விளங்கியது. விட்டால், அது விடக்கூடியதுதான் என்று ஆகிவிடும்.

அதன் பிறகு வருஷக்கணக்காகப் பெயரின் வழியைத் தேடினார். வேலை முடிந்து உடுப்பு மாற்றி, சைக்கிளில் நகர நூலகத்துக்குப் போய்விடுவார். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடிதம் எழுதினார். வந்த பதில்களைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். அதில் ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை. வழக்குக்கு ஆதாரம் சேர்க்கிற மனிதர் போல இருந்தார். எந்த வருஷம் எந்த டான்பி வடக்கு இங்கிலாந்தில் கம்பளி நெய்தார், எவர் கப்பல் ஏறினார், எவருடைய பேரன் சப்பாத்துக் கடை போட்டார் என்று எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து அந்த விடுதிப் பள்ளிக்கூடத்துப் பதிவின் நகல் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

அவருடைய ஆளுக்கு ஒரே ஒரு வரி. டான்பி, ஆண், ஏறக்குறைய ஒன்பது வயது, பெற்றோர் இல்லை.

"ஆயிரம் வருஷத்து ஆக்களைக் கண்டுபிடிச்சாச்சு" என்றார். "இந்தப் பெடியனுக்கு ஒன்பது வயசுவரைக்கும் ஒரு பேர் இருந்திருக்கும்தானே? தாய் ஏதோ சொல்லித்தானே கூப்பிட்டிருப்பா?"

என் மனைவி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "இருந்திருக்கும் அண்ணை" என்றாள்.

"அதை எழுத இந்தத் தாளில ஒரு இடமும் விடேல்லை."

அவர் போன பிறகு அவள் பாத்திரம் கழுவியபடி என்னிடம் சொன்னாள். "அந்தப் பேரைக் கட்டிப்பிடிச்சுத்தான் இந்த மனிசன் ரெண்டு உயிரைப் பறிகுடுத்தது. இப்ப அதுக்குச் சரித்திரம் தேடுது." ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவருக்குக் கேட்காமல். எனக்கு அவளோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்திருந்தால் அந்த வசனத்தைப் பற்றிச் சொல்லவேண்டி வந்திருக்கும். நான் துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தேன்.

அவர் மறுபடி கலியாணம் செய்யவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். என் பிள்ளைகள் அவரோடு டெனிஷில் கதைப்பார்கள், அவர் தமிழில் பதில் சொல்வார். அவர்கள் வளர்ந்து ஒடென்சேக்கும் டோஸ்ட்ருப்புக்கும் போன பிறகும் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்த மனிதர் என் மேசையில் இருந்து சாப்பிட்டார். நான் சொல்லவில்லை.

போன வருஷம் ஆவணியில், "அந்த ஊரை ஒருக்காப் பாக்கவேணும், தனியப் போகக் கால் விடாது, நீர் வாரும்" என்றார். எழுபத்தாறு வயது. போனோம். விமானம், பிறகு இரண்டு ரெயின். கடைசி ரெயின் இரண்டே பெட்டி, பள்ளத்தாக்கு வழியாக ஆற்றோடு ஊர்ந்தது. டான்பி என்று பலகை போட்ட சின்ன ஸ்டேசனில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். அண்ணை பலகையை நின்று பார்த்தார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஒரு பேக்கரி, கல் வீடுகள், மேலே ஊதாப் பூப் பூத்த மேடு, எங்கும் ஆடு. பேக்கரியில் தேத்தண்ணி குடித்தோம். பரிமாறிய கிழவியிடம், இங்கே டான்பி என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லவில்லை, அங்கே தேவைப்படவில்லை.

அவள் யோசித்தாள். "நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் இல்லை. இருக்கவும் மாட்டார்கள். இங்கேயே இருப்பவனை ஏன் ஊர்ப் பெயரால் கூப்பிட வேண்டும்? ஊரை விட்டு வேறு இடத்துக்குப் போனவனைத்தான், யார் இவன், டான்பியிலிருந்து வந்தவன் என்பார்கள். அந்தப் பெயர் இருந்தால் அவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம்."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷக் கோப்பில் இது எங்கும் இல்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

தேவாலயம் ஊருக்கு வெளியே தூரத்தில், வயல்களுக்கு நடுவில் இருந்தது. ஆறுதலாக நடந்துபோய், கல்லறைகளுக்குப் பக்கத்து மதிலில் குந்தினோம். காற்று அடித்தது. அவர் கல்லறைகளைப் போய்ப் பார்க்கவில்லை. மதிலில் இருந்தபடியே கேட்டார்.

"அண்டைக்கு அந்தக் கந்தோரில, நான் எழும்பினாப் பிறகு, அந்த மனிசி உம்மட்டை ஏதோ சொன்னவ. என்ன சொன்னவ?"

நான் அவரைப் பார்க்கவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல், யாரும் நம்புவார்கள்.

"பேரைப் பிறகு மாத்தலாமெண்டு சொன்னவ, அண்ணை. அவை வந்து சேர்ந்தாப் பிறகு. கஷ்டமில்லை எண்டு."

"உமக்கு அப்ப அது விளங்கினதோ?"

"ஓம்."

"நீர் எனக்குச் சொல்லேல்லை."

"இல்லை அண்ணை. சொல்லேல்லை."

"ஏன்?"

"ரெயினுக்கு நேரமாச்சு. உங்களில எரிச்சலாயும் இருந்தது."

ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று இருந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சொல்லியிருந்தா கையெழுத்து வைச்சிருப்பன்" என்றார். பிறகு, "வைச்சிருக்கவும் மாட்டன். தெரியேல்லை. அதுதான் தெரியேல்லை" என்றார்.

திரும்பி வரும்போது அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வழமைபோல எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன் குழம்பு நல்லாயிருக்கு என்று என் மனைவியிடம் சொன்னார். நான் அவருக்கு முன்னால் தலை நிமிர்த்திச் சாப்பிடப் பழக வேண்டியிருந்தது. ஒரு மாற்றம் மட்டும் கண்டேன். கார்த்திகையில் அவரை மருந்து எடுக்கக் கூட்டிப்போனபோது கடையில் நின்ற பெண்பிள்ளை அவருடைய அட்டையை வாங்கித் திரையைப் பார்த்து ஏதோ ஒரு பெயரை வாய்க்குள் முணுமுணுத்தாள். அண்ணை எழுத்துச் சொல்லவில்லை. எட்டியும் பார்க்கவில்லை. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. மத்தியானம் போய் என்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். கதிரையில் சப்பாத்துப் போட்டபடி இருந்தார், எங்கள் வீட்டுக்கு வர வெளிக்கிட்ட மாதிரி. இதயம் என்று வைத்தியர் சொன்னார்.

கிட்டிய சொந்தம் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருந்தார். இறுதிச் சடங்கு ஒழுங்கு செய்கிற பெண்ணிடம் போனேன். அவருடைய பிறந்த திகதியைச் சொல்லிவிட்டு, பெயரில் பிழை வரக்கூடாதென்று எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

தன்பி.

"இது பிழை" என்றேன்.

"பிழை இல்லை. போன புரட்டாதியில் அவரே விண்ணப்பித்து மாற்றியிருக்கிறார்" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று கிழமைக்குள். கணினி வேலை தெரியாத மனிதர். நூலகத்தில் யாரையாவது பிடித்துச் செய்வித்திருப்பார். அந்த ஐந்து எழுத்தையும் அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று யோசித்தேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அடக்கத்துக்கு இருபது பேர் வந்தார்கள். பாட்டுகள் அச்சடித்த தாளின் முன்பக்கத்தில் அவருடைய படமும் பெயரும் இருந்தன. எங்கள் ஆட்களின் ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவர் தாளைப் பார்த்துவிட்டு, வாங்கு வரிசையைத் தாண்டி வேகமாக என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணை இது? இவங்கள் பேரைப் பிழையா அடிச்சிருக்கிறாங்கள். தம்பி எண்டெல்லோ கிடக்கு. அந்த மனிசன் உயிரோட இருந்தா இதை விடுமே? தாள் எல்லாத்தையும் வாங்குங்கோ, ஆராதனை துவங்க முதல் பேனையால திருத்துவம்."

"திருத்த வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"அதுதான் அவற்ற பேர்."

"எப்ப துவக்கம்?"

"மனிசியின்ர கலியாணப் பத்திரத்தில அப்பிடித்தான் கிடந்தது" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனையைச் சட்டைப் பையில் வைத்தார். முன்வரிசை முழுக்க வெறுமையாக இருந்தது. சொந்தக்காரர் இருக்கிற வரிசை. யாரும் சொல்லாமலே நான் போய் அதில் இருந்தேன்.